மாடு தீர்ப்புச் சொன்ன சவர்க்காரம்

வட்டுக்கோட்டைப் பக்கம் வந்து, தில்லைநாதனின் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கனகாம்பிகையின் வீடு எது என்று கேட்டால் சைக்கிளில் போகிறவனும் ஒரு காலை ஊன்றி நின்று கை நீட்டுவான். தில்லைநாதன் வேறு யாருமல்ல, கனகாம்பிகையின் புருஷன்தான். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. "என்ரை பேர் மனிசியின்ரை பேருக்குப் பின்னாலை வடிவாய்த்தான் நிக்குது" என்று அவரே சொல்லுவார்.

யுத்தத்தால் வெளிச்சாமான் வராத தடைக்காலத்தில் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் துணி தோய்க்கிற சவர்க்காரம் காய்ச்சியவர்கள் ஒருவர் இருவரல்ல. கரையோரத்தில் காய்ச்சினார்கள், பட்டணத்தில் காய்ச்சினார்கள், பெரிய இடத்து ஆட்கள் பெரிய ஏதனங்கள் வைத்தும் காய்ச்சினார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் கனகாம்பிகையை இருத்தினாலும் அவள் இருக்கிற தட்டுத்தான் தாழும். ஊர்ப்பற்றில் சொல்வதாக நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதை ஒளிக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. "எனக்கு எழுத்தைக் குறைச்சுத்தான் தந்தவர் கடவுள். மூளையை அளவில்லாமல் போட்டிட்டார், பேந்து எழுத்து வைக்க இடமில்லாமல் போச்சு" என்பாள். தன்னைப் பற்றிப் பிறர் புகழக் காத்திருக்கிற பொறுமை அவளுக்கு இருந்ததில்லை. தானே தொடங்கி, தானே முடித்துவிடுவாள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், தில்லைநாதன் கணக்கப்பிள்ளையாக இருந்த கொழும்புக் கடை எரிந்து போயிற்று. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவரிடம் இருந்தது உடுத்திருந்த சாரமும் ஒரு சேர்ட்டும்தான். வீட்டுப் படலையில் நின்ற புருஷனைப் பார்த்துக் கனகாம்பிகை அழவில்லை. "முதலிலை குளியுங்கோ. நாளைக்கு வெங்காயம் நடுவம்" என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டார்கள். லொறிகள் தெற்கே போன காலம் அது. விளைந்ததை விற்றுவிட்டுச் சும்மா இருக்கிறவளா அவள்? நல்ல முடிச்சுகளைத் தெரிந்தெடுத்துப் பரணில் கட்டித் தூக்கி, விதை வெங்காயம் தேடி வருகிறவர்களுக்கு இருமடங்கு விலைக்குக் கொடுத்தாள். அந்தக் காசில் மாடு வாங்கினாள். மாட்டின் எருவில் கத்தரி போட்டாள். எண்பத்தொன்பதில் ஓலைக் கூரை ஓட்டுக் கூரையானது. பார்க்கிறவர்களின் கண் சுளுக்கிப் போயிற்று.

தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டு, தெற்கே போகிற பாதை அடைபட்டது. வெங்காயத்துக்கு லொறி இல்லை, தண்ணீர் இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. குடாநாட்டுக்குள் வரவிடாமல் அரசாங்கம் தடை செய்த சாமான்களில் சவர்க்காரமும் ஒன்று. களவாக வந்த கட்டி ஒன்றை வாங்க ஒரு நாள் கூலி போதாது. ஒரு கட்டியை நூலால் நாலாக அறுத்து, ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே திருவிழாவுக்கு வெளிக்கிட்ட காலம்.

வேறு வழியில்லாமல் சனம் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தது. ஊத்தை போகும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் துணி மஞ்சளாகும், பழ வாசமும் பிடிக்கும். அந்த வாசத்துக்கு மாடு வரும். கொடியில் காய்கிற சேலையை, விழுந்த பனம்பழம் என்று நினைத்துச் சப்பிவிட்டுப் போகும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் ஒவ்வொரு வளவிலும் ஒருவர் தடியோடு துணிக்குக் காவல் இருந்தார்.

கனகாம்பிகை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மாட்டை ஏசினார்கள். அவள் பனங்களியை யோசித்தாள்.

பழத்தைப் பிசைந்து, தும்பை நீக்கி, களியைச் சீலையில் மூன்று தரம் வடித்தாள். பனம்பாளையையும் வாழைச் சருகையும் எரித்த சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தெளிவை இறுத்தாள். சுண்ணாம்பும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் சேர்த்து, வாயகன்ற பெரிய கிடாரத்தில் போட்டு, கை ஓயக் கிண்டினாள். இறுகி வந்ததைப் பனங்களியைத் தின்பதற்குப் பினாட்டாகக் காயவைக்க ஊற்றுவது போலப் பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாக வெட்டினாள். பார்ப்பதற்குக் கருப்பட்டி மாதிரி இருந்தது. தண்ணீர் பட்டதும் நுரைத்தது. துணியில் மஞ்சளும் பிடிக்கவில்லை.

"மணம்?" என்று தில்லைநாதன் கேட்டார்.

"மணந்து பாருங்கோ."

அந்தச் சவர்க்காரத்தில் தோய்த்த துவாய்த் துண்டை அவர் மூக்கில் வைத்து இழுத்தார். ஒன்றும் தெரியவில்லை.

"உங்கடை மூக்குப் போதாது" என்று சொல்லிவிட்டு, அவள் துவாயைக் கொண்டுபோய்த் தன் சிவலைப் பசுவின் முன்னால் தொங்கவிட்டாள். பசு ஒரு தரம் மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தது.

"பார்த்தியளோ? மாடே தீர்ப்புச் சொல்லியிட்டுது."

அன்று பின்னேரமே ஒழுங்கை முழுக்க அந்தத் தீர்ப்பு அறிவிக்கப்பட்டது. மாடு தின்னாத சவர்க்காரம், கனகாம்பிகையின் சவர்க்காரம். சந்தையில் ஓலைக் கடகத்தோடு போய் இருந்தால் பத்து மணிக்கு முன்னமே வெறுங்கடகம். தில்லைநாதனின் தமக்கை ஞானாம்பிகை மட்டும் மூக்கைச் சுளித்தாள்.

"எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் சந்தையிலை குந்தியிருந்து ஊத்தை போக்கிற சாமான் வித்தது கிடையாது."

"அதுதான் மச்சாள், குடும்பம் இவ்வளவு காலமும் ஊத்தையாய் இருந்தது" என்றாள் கனகாம்பிகை. "இந்தாங்கோ, உங்களுக்கு இரண்டு கட்டி. காசு வேண்டாம்."

ஞானாம்பிகை கட்டிகளை வாங்கிக்கொண்டுதான் கோபித்தாள்.

சந்தையில் விற்பது அவளுக்குப் போதவில்லை. அவள் கண் சங்கக்கடையில் இருந்தது. கூப்பன் மட்டைக்குப் பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் அது. மட்டைக்கு ஒரு கட்டி என்று சங்கம் எடுத்தால், ஒரு கிடாரம் போதாது, நாலு வேண்டும். பக்கத்து வளவுப் பாலேஸ்வரியும் இன்னும் சில பெண்களும் வேலைக்கு வரக் காத்திருந்தார்கள். பாலேஸ்வரியின் புருஷன் மீன் லொறி ஓடியவர். லொறி நின்றதோடு அந்த வீட்டு அடுப்பும் ஒருநேரம் எரிந்தால் மறுநேரம் எரியாது. "சங்கம் எடுக்கட்டும், அடுத்த நாளே வா" என்று அவளுக்குக் கனகாம்பிகை வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்கை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வழி தேடுவதுதான் அவளுடைய தொழில்முறை.

சங்கத் தலைவர் கதிரவேலு நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் உரசிப் பார்த்துத்தான் எடுப்பார்.

"பிள்ளை, பிள்ளையார் கோயிலிலை எங்கடை உபயத் திருவிழா வருது. என்ரை பட்டுக்கரை வேட்டியை உன்ரை சவுக்காரத்திலை தோய்ச்சுக் கட்டிக்கொண்டு போறன். வேட்டி வெள்ளையாய் வந்தால் சங்கத்திலை கதைப்பன்."

"வேட்டியைப் பார்த்துப் பிள்ளையாரே என்னட்டை ஒரு கட்டி கேப்பார் அண்ணை" என்றாள் அவள்.

திருவிழாவன்று காலை, பூசைக்கு மணி அடிக்க முன்னர், கதிரவேலு கனகாம்பிகையின் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அரையில் பழைய சாரம். கையில் ஒரு சாண் அகலத்தில் பட்டுக்கரைத் துண்டு. அதன் ஓரம் பச்சையாக, ஈரமாக, பல் பட்டுக் கிழிந்திருந்தது.

"இது என்னெண்டு தெரியுதோ?"

அவளுக்குத் தெரிந்தது.

"கலியாணத்துக்கு வாங்கின வேட்டி. இப்ப இந்தத் தடைக்குள்ளை இப்பிடி ஒண்டை எங்கை வாங்கிறது? மற்றவை மாதிரித் தடியோடை காவல் வைக்காமல் உன்ரை மாட்டுத் தீர்ப்பை நம்பினன். என்ரை மாடுதான். என்ரை வீட்டு மாடு என்ரை வேட்டியைத் திண்டிட்டு என்னையே பார்த்து அசை போடுது. நான் இரவல் வேட்டியோடை சாமிக்கு முன்னாலை நிக்கப் போறன்."

"அண்ணை, என்ரை மாடு மணந்து பார்த்து..."

"உன்ரை மாட்டைக் கூட்டிக்கொண்டு போய்ச் சங்கத்துக்கு வித்துப் பார்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

கதை காலைப் பூசைக்குள் கோயில் வீதியைச் சுற்றிவிட்டது. மறுநாள் சந்தையில் அவளுடைய கடகம் நிறைந்தபடி திரும்பியது. ஒருத்தி, "கனகக்கா, மாட்டுத் தீனி என்ன விலை?" என்று கேட்டுவிட்டும் போனாள். கனகாம்பிகை வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் பாலேஸ்வரி காத்திருந்தாள். நிறைந்த கடகத்தை இறக்கக் கை கொடுத்தாள்.

அவள் போனபின் கனகாம்பிகை தொழுவத்தின் வாசலில் நின்று சிவலையையே பார்த்தாள். "நீயெல்லோ தின்னாமல் விட்டனீ?" சிவலை வழக்கம்போல வாயை அசைத்தது. அதன் முன்னால், சவர்க்காரத்துக்குப் பிழிந்த பனந்தும்பு குவியலாகக் கிடந்தது. பாதி தின்று, பாதி மிதித்து, மேலே சாணமும் போட்டிருந்தது.

அவள் அந்தத் தும்பைக் காலால் கிளறிப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, கெதியாய் ஓடி வாங்கோ."

தில்லைநாதன் பயந்துபோய் ஓடிவந்தார்.

"நான் இவ்வளவு நாளும் தும்பை எங்கை கொட்டினனான்?"

"மாட்டுக்குத்தான்."

"அண்டு முழுக்கப் பனந்தும்பு திண்டு வயிறு முட்டின மாட்டிட்டைப் போய்ப் பனம்பழத் துணியைக் காட்டினால், அது என்ன செய்யும்? கலியாணச் சோறு திண்டிட்டு வந்தவனுக்குப் பந்தியிலை இலை போட்டனான். அவன் வேண்டாமெண்டான். நான் சோறு சரியில்லையெண்டு நினைச்சிட்டன்."

தில்லைநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அடக்கியது நல்லதாயிற்று, ஏனென்றால் அடுத்த வேலை அவருக்குத்தான் வந்தது.

"உங்களுக்கு இனிச் சங்கக்கடைக்குப் பின்னாலைதான் வேலை. அங்கை ஆரும் கட்டிவைக்காமல் திரியிற கட்டாக்காலி மாடுகள் எனக்கு வேணும். நல்ல பசி மாடு."

அந்த மாதம் முழுக்க ஊர் அவர்களைப் பார்த்துச் சிரித்தது. மனுசன் தடியில் துணியைக் கட்டிக்கொண்டு கட்டாக்காலி மாடுகளின் பின்னால் போகிறார், மனிசி பின்னால் நின்று மாட்டின் மூக்கைப் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் விசர் பிடித்துவிட்டது என்று சொல்லாதவர்கள் குறைவு. வேப்பிலை அவித்த தண்ணீரில் களியைக் காய்ச்சிப் பார்த்தாள். மாடு நக்கியது. எலுமிச்சந்தோல் போட்டாள். மாடு நக்கிவிட்டு இன்னும் கேட்டது. தேங்காயெண்ணெயை விட்டுவிட்டு வேப்பெண்ணெயில் காய்ச்சினாள். மாடு மோந்தது, தும்மியது, பின்பக்கமாக இரண்டடி போனது.

"தும்மினதோ?"

"வடிவாய்த் தும்மினது" என்றார் தில்லைநாதன்.

வேப்பெண்ணெய்ச் சவர்க்காரத்தில் தோய்த்தால் துணியில் கொஞ்சம் வைத்தியர் வீட்டு மணம் இருக்கும். அதையும் அவள் குறையாகச் சொல்லவிடவில்லை. அந்த நாளில் இடம்பெயர்ந்து வந்து நெருங்கி இருந்த சனத்துக்குச் சொறியும் சிரங்கும் பெருகியிருந்தன. "இது துணிக்கும் போடலாம், தோலுக்கும் போடலாம். ஒரு விலையிலை இரண்டு சாமான் தாறன், நீங்கள்தான் எனக்குக் கும்பிடு போடவேணும்" என்றாள். ஆனால் வாங்குவதற்கு ஆள் வேண்டுமே. ஊர் இன்னும் வேட்டியை மறக்கவில்லை.

சங்கக் கூட்டம் ஒரு சனிக்கிழமை. கூட்டம் கலைகிற நேரம் பார்த்து, கனகாம்பிகை சங்கக்கடை முற்றத்தில் இரண்டு கம்பு நட்டுக் கொடி கட்டினாள். புதுச் சவர்க்காரத்தில் தோய்த்த தன்னுடைய கூறைச் சேலையை அதில் விரித்தாள். கலியாணத்தில் கட்டிய சேலை. அவளிடம் அதைவிடப் பெறுமதியாக ஒன்றும் இருக்கவில்லை. தில்லைநாதன், "வேறை ஒண்டைப் போடு பிள்ளை" என்று மெல்லக் கேட்டார்.

"சங்கத் தலைவர் கலியாண வேட்டியை இழந்தவர். நான் பழந்துணியைக் கட்டினால் ஆர் மதிப்பினம்?"

வெளியே வந்த கதிரவேலு கொடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கோயிலுக்குப் போகிற வழியில் வந்ததால் வெள்ளைச் சால்வை தோளில் இருந்தது.

"உதென்ன கூத்து?"

"அண்ணை, போன தரம் என்ரை மாட்டைக் கேட்டனான். அது என்ரை பக்கம் சாஞ்சிட்டுது. இந்தத் தரம் உங்கடை மாட்டைக் கேக்கப் போறன். வேட்டி திண்ட அதே மாடு. காலமை தொட்டு அதுக்குத் தீன் வைக்கவேண்டாமெண்டு கமலாவதி அக்காட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். சேலையைத் திண்டால் நான் இனிக் கிடாரம் வைக்கமாட்டன், சந்தைப் பக்கமும் வரமாட்டன்."

அதைச் சொல்லும்போது அவள் பாலேஸ்வரி நின்ற பக்கம் பார்க்கவில்லை.

கதிரவேலுவின் மனைவி கமலாவதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பசுவின் விலா ஒட்டியிருந்தது. வாயில் எச்சில் நூலாக வழிந்தது. சங்கக்கடைக்கு வந்த சனம் கூப்பன் மட்டையை மடியில் செருகிக்கொண்டு வட்டமாக நின்றது. கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

பசு நேரே சேலைக்குப் போயிற்று. மூக்கை வைத்தது. கனகாம்பிகையின் கை முந்தானையை இறுக்கியது. பசு இன்னொரு தரம் மூக்கை வைத்து, ஆழமாக இழுத்தது. தும்மியது. சேலை ஆடியது. தலையைத் திருப்பிக் காற்றில் மோந்தபடி கூட்டத்தைப் பார்த்தது.

"விட்டிட்டுது" என்று யாரோ சொன்னார்கள்.

"பொறுங்கோ, பசி இல்லைப்போலை" என்றார் கதிரவேலு. உரசிப் பார்க்கிற மனிதர் அல்லவா?

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பசு அவருக்குப் பக்கத்தில் வந்து, தோளில் கிடந்த சால்வையின் நுனியைப் பிடித்து இழுத்தது. அவர் ஒரு பக்கம் இழுத்தார், பசு ஒரு பக்கம் இழுத்தது. பாதிச் சால்வை பசுவின் வாய்க்குள் போய்விட்டது.

"எடி கமலாவதி, இதை எதிலை தோய்ச்சனீ?"

கமலாவதி நிலத்தைப் பார்த்தாள். "கனகத்தின்ரை சவுக்காரம் வாங்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். வளவிலை விழுந்த பனம்பழத்திலை தோய்ச்சனான்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் சங்கக்கடைக் கூரையில் இருந்த காகம் பறந்தது. கதிரவேலுவும் சிரித்துவிட்டார். மீதிச் சால்வையைப் பசுவுக்கே விட்டுக்கொடுத்து, வெறும் மேலோடு நின்றபடி சொன்னார்.

"சரி பிள்ளை. மட்டைக்கு ஒரு கட்டி. திங்கட்கிழமை தொட்டுக் கொண்டுவா."

"திங்கள் கஷ்டம் அண்ணை. நாளைக்கே கொண்டு வாறன்" என்றாள் கனகாம்பிகை. அதற்குப் பிறகுதான் பாலேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன நிக்கிறாய்? போய் வீட்டிலை சொல்லிப்போட்டுக் கெதியாய் வா. சாம்பல் இறுக்கோணும்."

அதன் பிறகு வளர்ந்ததைச் சொன்னால் நீளும். ஒரு கிடாரம் நாலாகியது. பனம்பழம் பொறுக்கிக் கொடுத்தவர்களுக்கும் கூலி, பாளை எரித்தவர்களுக்கும் கூலி, வேப்பங்கொட்டை கொண்டுவந்த பிள்ளைகளுக்கும் காசு. தொழுவத்துக்குப் பக்கத்தில் தனிக்கொட்டில் போட்டார்கள். பாலேஸ்வரி வீட்டு அடுப்பு இரண்டு நேரமும் எரிந்தது. பிறகு அவளே தையல் மிசின் ஒன்று வாங்கினாள். பருத்தித்துறையில் இருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்து கட்டிகளைப் பெட்டிக் கணக்கில் ஏற்றிப்போனார்கள். ஞானாம்பிகை மச்சாள், "எங்கடை தம்பி பெண்சாதியின்ரை சவுக்காரம்" என்று தன் வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லத் தொடங்கியது எந்த மாதம் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

முதல் வந்த இலாபத்தில் கனகாம்பிகை செய்த வேலை வேறு. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து வவுனியாப் பக்கம் போய்வந்த ஒருவரிடம் சொல்லி, பட்டுக்கரை வேட்டி ஒன்று எடுப்பித்தாள். அடுத்த ஆண்டு உபயத் திருவிழாவுக்குக் கதிரவேலு அதைத்தான் கட்டியிருந்தார். "என்ரை சவுக்காரத்திலை தோய்ச்சது" என்று அவள் வீதி சுற்றுகிறபோது பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழையில், நாவற்குழிப் பாலத்தில், சனத்தோடு சனமாக நகர்ந்தபோது ஆட்கள் சூட்கேசையும் கோழியையும் தூக்கி வந்தார்கள். கனகாம்பிகை கிடாரத்தைத் தூக்கி வந்தாள். தில்லைநாதன் களைத்துப்போய்ப் பாதையோரம் இருந்தபோது, பின்னால் சைக்கிள் உருட்டி வந்த ஒருவர் நின்றார். கதிரவேலு.

"உதைக் கரியரிலை வை பிள்ளை. நான் கொண்டு வாறன்."

"அண்ணை, உங்கடை சாமான்?"

"வேட்டி கிடக்கு, எனக்கு அது காணும்."

தென்மராட்சியில், கொடிகாமத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். முதல் நாட்களில் கிடாரத்தில் எல்லோருக்கும் கஞ்சி கொதித்தது. அடுத்த கிழமை கனகாம்பிகை பக்கத்து வளவுகளில் வேப்பங்கொட்டை விசாரித்துக்கொண்டு திரிந்தாள். முதற்கட்டி இறுகியதும் துவாய் ஒன்றைத் தோய்த்துத் தடியில் கட்டித் தில்லைநாதனின் கையில் கொடுத்தாள்.

"இனியும் என்னத்துக்கு இது? தும்மினதைத்தான் பார்த்தமே" என்றார் அவர்.

"அது வலிகாமத்து மாடு. தென்மராட்சி மாட்டுக்கு நாக்கு எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்? நல்ல பசி மாடாய்ப் பாருங்கோ" என்றாள் கனகாம்பிகை.

அவர் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தார்.